கையால் செய்த லேபிள் போதாமல் போகும்போது: தருமபுரி, கிருஷ்ணகிரி சிறுதொழில்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அக்கா பையன் பிக்ஸல்லேப்பில் போட்டுக் கொடுத்த லோகோ, டிடிபி சென்டரில் அடித்த ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ ஒரு எழுத்தில் அடித்துத் தந்த போர்டு. நம் பக்கத்தில் பெரும்பாலான தொழில்கள் இப்படித்தான் தொடங்குகின்றன, அதில் ஒரு தப்பும் இல்லை. பொருள் விற்குமா விற்காதா என்றே தெரியாத நேரத்தில் டிசைனுக்குப் பணத்தைக் கொட்டுபவரைவிட, கிடைத்த ஸ்டிக்கரை ஒட்டிப் பாக்கெட் போட்டு போச்சம்பள்ளி சந்தைக்குக் கொண்டுபோனவர்தான் விவரமானவர். அவருடைய அடுத்த கட்டத்துக்குத்தான் இந்த வழிகாட்டி.

சந்தையிலும் சொந்தக் கடையிலும் விற்கும்வரை உங்கள் முகம்தான் பிராண்ட். லேபிளில் எழுத்து மங்கியிருந்தாலும் வாங்குபவர் உங்களிடமே கேட்டுக்கொள்வார், நீங்களும் "இது புதுப் புளி, போன மாசம் அடிச்சது" என்று சொல்லிவிடுவீர்கள், முடிந்தது. அந்தப் பாக்கெட் நீங்கள் இல்லாத இடத்துக்குப் போகிற நாளில்தான் சிக்கல். ஓசூரில் ஏதோ ஒரு அபார்ட்மென்ட் பக்கத்து சூப்பர் மார்க்கெட் தட்டிலோ, பெங்களூருவில் முன்பின் தெரியாத ஒருவர் சமையலறையிலோ அது தனியாக நிற்கும். நீங்கள் வாயால் சொன்னதையெல்லாம் அதுவே சொல்லியாக வேண்டும். எப்போது மாற்றுவது, எதை மாற்றக் கூடாது, எதை முதலில் செய்வது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கேழ்வரகு மாவு, சாமை, புளி, மாங்காய் ஊறுகாய், மரச்செக்கு எண்ணெய், நிப்பட்டு மாதிரி உணவுப் பொருட்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இங்கே அதுதான் அதிகம், சட்டச் சிக்கலும் அதில்தான் அதிகம். பர்கூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் உணவு லேபிள் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம். ஓசூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைக்காரருக்கு இதில் பாதி தேவையே இல்லை, ஒழுங்கான லெட்டர்ஹெட், பெட்டிமேல் ஒட்டும் பார்ட் நம்பர் ஸ்டிக்கர், கேட்டவுடன் அனுப்ப ஒரு நல்ல பிடிஎஃப் இருந்தால் அவருக்குப் போதும்.

நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்

லோகோ அலுத்துவிட்டது என்பது ஒரு காரணமே இல்லை. தினமும் ஆயிரம் முறை பார்க்கும் உங்களுக்கு அலுக்கும், மாதம் ஒருமுறை வாங்குபவருக்கு அலுக்காது. அதேபோல் பக்கத்துக் கடைக்காரர் மாற்றிவிட்டார் என்பதும் காரணம் இல்லை.

உண்மையான அறிகுறிகள் வேறு. கடைக்காரர் பொருள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, ஆனால் பாக்கெட்டைக் கீழ்த்தட்டில் வைக்கிறார். வேறு யாருடைய ஊறுகாயையோ வாங்கிவிட்டு அது உங்களுடையது என்று நினைத்து உங்களுக்குப் போன் போட்டு ஒருவர் திட்டுகிறார். ஒரே பொருளுக்கு மூன்று விதமான லேபிள் புழக்கத்தில் இருக்கிறது, எது கடைசியாக அடித்தது என்று உங்களுக்கே தெரியவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். விற்பனையில் ஏறக்குறைய பாதி நீங்கள் நேரில் பார்க்காத ஆட்களிடம் போக ஆரம்பித்துவிட்டதென்றால் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஸ்டிக்கரில் இருக்கும் பிழையைத் திருத்தினால் போதும், முழுதாக மாற்ற வேண்டாம்.

படி 1: இருப்பதையெல்லாம் எடுத்துப் பரப்புங்கள்

போர்டு, ஸ்டிக்கர், விசிட்டிங் கார்டு, பில் புக், கவர், வாட்ஸ்அப் படம், வண்டியில் ஒட்டியது, திருவிழாவுக்கு அடித்த பேனர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள், வைக்க முடியாததைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தாலே தெரியும்: ஒன்றில் "டிரேடர்ஸ்", இன்னொன்றில் "ஃபுட்ஸ்", ஒன்றில் தர்மபுரி, இன்னொன்றில் தருமபுரி, ரீசார்ஜ் பண்ணாமல் போன பழைய நம்பர் இன்னும் பின்பக்கத்தில் இருக்கும்.

இதைச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேதி போட்ட பழைய பில், பழைய லேபிள், அச்சகத்தில் வாங்கிய ரசீது இவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று எரித்துவிடாதீர்கள். நாளைக்கு யாராவது உங்கள் பெயரையே பதிவு செய்துகொண்டு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினால், அவருக்கு முன்பிருந்தே நீங்கள் அந்தப் பெயரில் விற்கிறீர்கள் என்பதற்கு அந்த மட்டமான ஸ்டிக்கர்தான் சாட்சி. 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு முன்பிருந்தே பயன்படுத்தி வருபவருக்குப் பாதுகாப்பு தருகிறது, ஆனால் தேதியோடு நிரூபிக்க வேண்டும்.

படி 2: ஜனங்கள் உங்களை எதைவைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்

டிசைனரிடம் போவதற்கு முன் இதைச் செய்யாமல் விட்டால் கைக்காசு போட்டு உங்கள் வாடிக்கையாளரை நீங்களே தொலைப்பீர்கள். உங்கள் பொருளை வைத்திருக்கும் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று, ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள். நீங்கள் லேபிளில் பெரிதாகப் போட்ட பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பச்சை மூடி ஊறுகாய்", "பாலக்கோட்டு அம்மா மாவு", "யானை போட்ட எண்ணெய்" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பச்சை மூடிதான் உங்கள் பிராண்ட். லோகோவை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், மூடியைத் தொடாதீர்கள். ஆள் எழுத்தறிந்தவரா இல்லையா என்பதுகூட இதில் முக்கியம் இல்லை, நன்றாகப் படித்தவரும் கடைத்தட்டில் நிறத்தையும் உருவத்தையும்தான் முதலில் தேடுவார்.

கடையில் கேட்டது போதாவிட்டால் பழைய வாடிக்கையாளர் இருபது பேரிடம் "எங்க பாக்கெட்டைக் கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க, என்ன ஞாபகம் வருது" என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது இருந்தே ஆக வேண்டும். யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லையா, அப்போது தாராளமாகப் புதிதாகவே தொடங்கலாம், இழக்க ஒன்றும் இல்லை.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாம்பழப் பொருள் என்றால் மஞ்சள் பின்னணி, நடுவில் இலையோடு ஒரு மாம்பழம், மேலே சிவப்பில் பெயர். எல்லாருமே இதையே போடுகிறோம். பத்து டப்பாவை வரிசையாக வைத்தால் எது யாருடையது என்று ஓனருக்கே தெரியாது. உள்ளே என்ன பழம் என்பதை எழுத்தில் சொல்லுங்கள், அல்போன்சாவா கிளிமூக்கா என்பதைத் தெளிவாகப் போட்டாலே தெரிந்தவர்கள் நிற்பார்கள். படத்துக்கு வேறு ஏதாவது யோசியுங்கள்.

படி 3: பெயரைச் சோதியுங்கள், பிறகு பதியுங்கள்

லோகோவைவிடப் பெயர்தான் முக்கியம், ஆனால் நம்மாட்கள் லோகோவுக்கு ஒரு மாதம் யோசித்துவிட்டுப் பெயருக்கு ஜோசியரிடம் ஒரு எழுத்துக் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். ஜோசியம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது சொன்ன எழுத்தில் தொடங்கும் பெயரையும் இந்தச் சோதனைகளில் போட்டுப் பாருங்கள்.

முதல் சோதனை, போன். பெங்களூருவில் இருக்கும், தமிழ் அவ்வளவாகத் தெரியாத மூன்று பேருக்குப் போன் செய்து பெயரைச் சொல்லி, அதை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வருவது மூன்று பேரிடமிருந்து மூன்று விதமாக இருந்தால், ஆன்லைனில் உங்களைத் தேடி யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வாடிக்கையாளர்கள் நிறைய, அவர்கள் வாயிலும் பெயர் நுழைய வேண்டும்.

இரண்டாவது, வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடுவது. மத்திய அரசின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருப்பதை மட்டும் பார்க்காமல் ஒலி ஒத்துப்போவதையும் பாருங்கள், அங்கே ஒலியில் ஒத்துத் தேடும் வசதியும் இருக்கிறது. எந்த வகுப்பு, அதாவது எந்த வகைப் பொருள் அல்லது சேவை, என்று கேட்கும். மொத்தம் 45 வகுப்புகள். மாவு, மசாலா, அரிசி, இனிப்பு, காரம் 30-இல் வரும். ஊறுகாய், சமையல் எண்ணெய், பதப்படுத்திய பழம் 29. பழச்சாறு 32. துணிமணி 25. கடை நடத்துவது 35. ஓட்டல் 43.

எந்தப் பெயர் கிடைக்காது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொருளையோ தரத்தையோ ஊரையோ நேரடியாகச் சொல்லும் வார்த்தைகளை வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சாதாரணமாக அனுமதிக்காது. "கிருஷ்ணகிரி மாங்கூழ்", "சுத்தமான செக்கு எண்ணெய்" எல்லாம் ஊருக்கே பொது. சாமி பெயரில் ஏற்கெனவே கூட்டம் அதிகம், முருகன் பெயரில் தேடிப் பார்த்தால் தெரியும். புனித நூல் பெயரும் உதவாது. ஊதுவத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைத் தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. தாத்தா பெயர், நிலத்தின் பெயர், புதிதாகக் கோத்த சொல், பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல் இவை பிடித்து நிற்கும்.

பதிவுக்கான செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. தனிநபர், ஸ்டார்ட்டப், சிறுநிறுவனம் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000. சிறுநிறுவனம் என்று காட்ட உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் வேண்டும், அதை அரசு இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம், காசு கேட்பவரிடம் போகாதீர்கள். ஏஜென்ட் வைத்தால் அவர் ஃபீஸ் தனி. விண்ணப்பித்ததும் பரிசோதனை அறிக்கை வரும், ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான், மெயிலைப் பார்ப்பதே இல்லை. அப்புறம் வணிகச் சின்னப் பதிவகத்தின் இதழில் வெளியாகும், 4 மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ். விண்ணப்பத் தேதியிலிருந்து 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்தவுடன் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் வட்டத்துக்குள் ஆர் போடும் குறி சான்றிதழ் வந்த பிறகுதான். பதிவாகாததைப் பதிவானது என்று காட்டுவது தண்டனைக்குரிய குற்றம்.

காசு ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் இருக்கிறதென்றால் படத்தை விட்டுவிட்டு வெறும் சொல்லைப் பதியுங்கள். நாளைக்கு லோகோவை எத்தனை முறை மாற்றினாலும் சொல் உங்களுடையதாக இருக்கும். தமிழ் எழுத்தில் விண்ணப்பித்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்துத் தர வேண்டும்.

யார் பெயரில் பதிவது என்பதை வீட்டில் உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். அண்ணன் தம்பி சேர்ந்து ஆரம்பித்த தொழிலில், மூத்தவர் பேருக்கு ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்துப் பாகம் பிரிக்கும்போது பெயர் யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. கூட்டு என்றால் ஃபர்ம் பெயரில் போடுங்கள். மகளிர் குழு என்றால் குழுவின் பெயரில், ஒரு உறுப்பினரின் பெயரில் வேண்டாம்.

படி 4: முதலில் வார்த்தை, பிறகுதான் படம்

எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகாக டிசைன் போட்டு முடித்து, கடைசியில் சட்டம் கேட்கும் விவரங்களை ஒரு மூலையில் எறும்பு சைஸில் திணிப்பது. அதைவிட, ஒரு வெள்ளைத் தாளில் லேபிளில் வர வேண்டிய எல்லா வார்த்தையையும் எழுதி முடியுங்கள், அந்தத் தாளைக் கொண்டுபோய் டிசைனரிடம் கொடுங்கள்.

உணவுப் பாக்கெட்டில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் (எது அதிகமோ அது முதலில்), ஊட்டச்சத்து விவரம், ஒவ்வாமை தரும் பொருள் இருந்தால் அது, பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்ட சைவக் குறி, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லோகோவும் அவர்கள் தந்த 14 இலக்க எண்ணும், தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எக்ஸ்பைரி தேதி, வரிகள் உட்பட எம்ஆர்பி, புகாருக்கு ஒரு போன் நம்பரும் மெயிலும். இதில் பாதி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறையில் வருவது, மீதி 2011-இன் பாக்கெட் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதியில் வருவது. மில்லில் சாமை வாங்கி நீங்கள் பாக்கெட் மட்டும் போடுகிறீர்கள் என்றால் தயாரிப்பாளர் என்று போடாதீர்கள், பேக் செய்தவர் என்று போடுங்கள்.

ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் போட வேண்டும். 250 கிராம் பாக்கெட் 60 ரூபாய் என்றால் ஒரு கிராம் 0.24 ரூபாய். கிலோவுக்கு மேல் என்றால் கிலோ கணக்கில். உள்ளூர் லேபிள்களில் அதிகம் விட்டுப்போவது இதுதான் என்பது என் கணிப்பு.

இப்போது எழுதக் கூடாதவை. சாமை, கேழ்வரகு பாக்கெட்டுகளில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று போடும் பழக்கம் நம் பக்கம் வேரூன்றிப்போயிருக்கிறது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று லேபிளில் சொல்வதை உணவுச் சட்டம் அனுமதிக்காது, 1954-ஆம் வருட மாய மருந்துச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் தனியாகவே இருக்கிறது. பொருள் நல்லதாக இருந்தும் ஒரு வரியால் மாட்டிக்கொள்வீர்கள். "ஆர்கானிக்" என்று போட அதற்கான சான்று வேண்டும், நிலத்தில் உரம் போடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் போதாது. "பியூர்", "நேச்சுரல்", "டிரடிஷனல்" போன்ற சொற்கள் பிராண்ட் பெயரிலேயே இருந்து, வாங்குபவரைக் குழப்பக்கூடும் என்றால், இது வெறும் பிராண்ட் பெயர்தான் என்ற விளக்கத்தையும் அச்சிட வேண்டிவரும். அந்தச் சொற்கள் இல்லாமலே பெயர் வைத்துவிடுவது சுலபம்.

அதற்குப் பதில் என்ன எழுதலாம்? உங்களிடம் மட்டும் இருப்பதை எழுதுங்கள். "சித்தேரி மலைச் சாமை" என்பது "பாரம்பரியமிக்க இயற்கையின் கொடை"யைவிடப் பத்து மடங்கு வேலை செய்யும், உண்மையிலேயே சித்தேரியிலிருந்து வந்தால் மட்டும். எப்படிச் சமைப்பது என்று நான்கு வரி போடுங்கள். பெங்களூரு வாடிக்கையாளருக்குச் சாமைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது தெரியாது, முதல்முறை குழைந்துவிட்டால் இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

படி 5: எந்த மொழி

சட்டப்படி கட்டாயமான விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அச்சிட்ட பாக்கெட் சட்டத்துக்குப் போதாது என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே பின்பக்கம் ஆங்கிலம். முன்பக்கம் உங்கள் இஷ்டம், நான் தமிழைப் பெரிதாகப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பெங்களூருவில் இருக்கும் தமிழர் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் தட்டுக்கு அருகே வருவார்.

கடை போர்டுக்குக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில்.

படி 6: டிசைனரைப் பிடிப்பதும் அவரிடம் வாங்க வேண்டியதும்

டிசைனருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது அந்த வெள்ளைத் தாள், மாற்றக் கூடாத விஷயம் (பச்சை மூடி), பாக்கெட்டின் நிஜ அளவு, பிறகு அது எந்தக் கடையில் எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்பதற்கு ஒரு போட்டோ. "ரிச்சா இருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னால் தங்க நிற பார்டர்தான் வரும்.

தமிழ் எழுத்தை முதலில் வரையச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் லோகோ போட்டு முடித்துவிட்டுத் தமிழை அதற்குள் அமுக்கினால் கொம்பும் காலும் நசுங்கும். தமிழ்ச் சொல்லுக்கு அகலம் அதிகம் வேண்டும், புள்ளி சின்னதாகப் போனால் பவுச் அச்சில் மை நிறைந்து காணாமல் போகும். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பழைய அச்சகங்கள் இன்னும் பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடிக்கின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துச் செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் பெயர் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாகிவிடும். முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் வியாபாரத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை.

லோகோ வந்ததும் அதை ஒரே நிறத்தில், ரப்பர் ஸ்டாம்ப் அளவில் அடித்துப் பாருங்கள். அடையாளம் தெரியவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். பெட்டியிலும் பில்லிலும் மஞ்சப்பையிலும் அது அப்படித்தான் வரப்போகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருப்பதால் துணிப்பைதான் உங்கள் நடமாடும் போர்டு, அதில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறம்தான் கட்டுப்படியாகும்.

கேன்வாவில் தயாராக இருக்கும் லோகோ மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், அதை வணிகச் சின்னமாகப் பதிய அவர்களுடைய உரிமமே இடம் கொடுக்காது. அதே படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்துமிருப்பார்கள்.

காசு கொடுத்துவிட்டோம், லோகோ நமதுதான் என்று நினைக்காதீர்கள். பதிப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக டிசைனர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அதில் காலம் எவ்வளவு, எந்த இடத்துக்கு என்பதும் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த மாற்றம் 5 வருடத்துக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டுக்கு மாங்கூழ் அனுப்பும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சொந்தக்காரப் பையன் போட்டுக் கொடுத்ததாக இருந்தாலும் ஒரு தாளில் வாங்கிவிடுங்கள், பாசம் வேறு, கணக்கு வேறு.

ஃபைல்களில் ஜேபெக் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். உள்ளூர் அச்சகத்துக்குக் கோரல் டிரா ஃபைல், எழுத்துகளைக் கர்வாக (எழுத்துரு இல்லாவிட்டாலும் மாறாத வடிவமாக) மாற்றிய பிடிஎஃப், எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, நிறங்களின் அச்சு எண்கள். எல்லாம் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

படி 7: அச்சு

ஆசைப்பட்டு முதலிலேயே பல வண்ணத்தில் அச்சிட்ட பவுச்சுக்குப் போவதுதான் அதிகம் பணம் முடங்கும் இடம். அந்த அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை, அதாவது சிலிண்டர், தனியாகச் செய்ய வேண்டும், அதன் செலவு முன்கூட்டியே, குறைந்தபட்ச ஆர்டரும் கிலோ கணக்கில் பெரிதாக இருக்கும். நாலு பொருள், மூணு சைஸ் என்றால் பன்னிரண்டு டிசைன். வீட்டில் ஒரு அறை முழுக்கக் கவர் நிற்கும், அதற்குள் முகவரி மாறும், அல்லது சட்டம் மாறும்.

இடைவழி ஒன்று உண்டு. எல்லாப் பொருளுக்கும் பொதுவாகப் பெயரும் நிறமும் மட்டும் அச்சிட்ட ஒரே பவுச், அதன்மேல் பொருளுக்குப் பொருள் மாறும் ஸ்டிக்கர். அதுவும் முடியாவிட்டால் அச்சில்லாத நல்ல ஜிப் பவுச்சில் முன்பின் இரண்டு தரமான ஸ்டிக்கர். மூன்று மாத விற்பனைக்கு மட்டும் முதல் ஆர்டர் போடுங்கள். எம்ஆர்பி, பேட்ச், தேதி இவற்றை டிசைனுக்குள் அச்சிடாமல் பளபளப்பு பூசாத ஒரு வெள்ளைக் கட்டமாக விடச் சொல்லுங்கள், பளபளப்பின் மேல் தேதி மை ஒட்டாமல் கையோடு வந்துவிடும். எண்ணெய் பாட்டிலுக்கு லேபிளை நிரப்புவதற்கு முன்பே ஒட்டுங்கள், வெளியே ஒரு சொட்டு வழிந்திருந்தாலும் கோந்து பிடிக்காது.

நிறத்தைப் போன் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். திரையில் ஒளிரும் பச்சை தாளில் மந்தமாகத்தான் வரும். சிவகாசியோ சேலமோ, எங்கே அடித்தாலும் நிஜமான பொருளின்மேல் ஒரு மாதிரி அடித்துக் காட்டச் சொல்லி, வெயிலிலும் டியூப் லைட்டிலும் பாருங்கள். எழுத்துப்பிழையைப் பார்க்கும் வேலையை உங்களைத் தவிர இன்னொருவருக்குக் கொடுங்கள், அவர் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படிக்கட்டும்.

பார்கோடு வேண்டுமென்றால் அந்த எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பில் எடுங்கள், எண் 890-இல் தொடங்கும். பொருளுக்கும் சைஸுக்கும் தனித்தனி எண். கோடுகள் கருப்பிலோ அடர்நீலத்திலோ இருக்கட்டும், சிவப்புக் கோட்டை ஸ்கேனரால் படிக்க முடியாது.

படி 8: பழையதிலிருந்து புதியதற்கு

மாங்காய் சீசன் நடுவிலோ தீபாவளி ஆர்டர் ஓடும்போதோ மாற்றாதீர்கள். விற்பனை மந்தமான மாதத்தில், ஒரு பொருளில் மட்டும், முடிந்தால் இரண்டு கடையில் மட்டும் ஆரம்பியுங்கள். பழைய கவர் தீரும்வரை ஓட்டலாம், ஆனால் ஒரே கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், ஜனங்கள் ஒன்று போலி என்று நினைப்பார்கள். பழைய லேபிளின் சின்னப் படத்தைப் புதுப் பாக்கெட்டின் ஓரத்தில் போட்டு "அதே மாவு, புது பாக்கெட்" என்று முதல் ஆர்டரில் மட்டும் எழுதுங்கள். எழுதினால் மாவு அதேதானா என்று நீங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும், பாக்கெட் மாற்றும்போதே ரெசிபியை மாற்றுவதோ எடையைக் குறைப்பதோ கூடவே கூடாது. விலையும் அந்த மாதம் ஏறாமல் இருந்தால் நல்லது. கடைக்காரர்களுக்கு முதலிலேயே போய்க் காட்டிவிடுங்கள், "இது அவங்களோடதுதான்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்போவது அவர்தான்.

காசு பற்றி ஒன்று: உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 2020-இல் தொடங்கியது. அதில் தனிநபர் யூனிட்டுக்குக் கடனோடு சேர்ந்து 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம், குழுக்களாகச் சேர்ந்து பொது பிராண்ட் உருவாக்கினால் அந்தச் செலவில் 50 சதவீதம் வரை என்று வைத்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, என்ன நிபந்தனை என்பதைத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள்.

பெயரையே மாற்றியிருந்தால் லேபிளோடு வேலை முடியாது. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவிலும், உத்யமிலும், வங்கிக் கணக்கிலும், ஜிபே க்யூஆரிலும், கூகுள் மேப்பிலும், வாட்ஸ்அப் பிசினஸிலும் மாற்ற வேண்டும். ஜிஎஸ்டி இருந்தால் பெயர் மாறிய 15 நாட்களுக்குள் போர்ட்டலில் திருத்த விண்ணப்பம் போட்டுவிடுங்கள், புது பில் புக் அதற்குப் பிறகு அடித்தால் போதும்.